பிராந்தும் பிராந்தியும்

பொன்னம்மைக்கு மெதுவாகப் பேச வராது. பிறவியில் அப்படி இல்லை. வாக்கப்பட்ட இடம் அப்படி. பழவங்காடி கணபதி கோயிலுக்குப் பின்னால் உள்ள சந்தில் வீடு. கோயிலில் விடிந்ததிலிருந்து தேங்காய் உடைபடும். பரீட்சைக்குப் போகிறவன் உடைப்பான், கேஸ் ஜெயித்தவன் உடைப்பான், தோற்றவன் அப்பீலுக்காக உடைப்பான். அதில் பாதித் தேங்காயை விற்கிறவர் அவள் புருஷன் பூதலிங்கம் பிள்ளை. அந்தச் சத்தத்துக்கு மேலே குரலை ஏற்றினால்தான் உப்பு கேட்டது அடுக்களையிலிருந்து முற்றத்துக்குப் போய்ச் சேரும். நாஞ்சில் நாட்டிலிருந்து வந்த புதிதில் புதுப்பெண் அடக்கத்தோடு பேசிப் பார்த்தாள். ஒருத்தர் காதிலும் ஏறவில்லை. பிறகு தொண்டையைத் திறந்தவள் மூடவே இல்லை.

வீட்டில் மற்றவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. கடையில் வாடிக்கைக்காரரைக் கூப்பிடுகிற அதே குரலில்தான் பூதலிங்கம் பிள்ளை வீட்டில் சோறு கேட்பார். அவர் தம்பி பகவதிப்பெருமாள் கல்யாணம் கட்டாதவர், வக்கீல் குமாஸ்தா. போதாததற்கு அந்த வட்டாரத்து மதுவிலக்குச் சங்கத்தின் செயலாளர். மேடையில் பேசிப் பேசி, ரசத்தில் புளிப்பு தூக்கல் என்பதைக்கூட மகாஜனங்களுக்கு அறிவிப்பதுபோலத்தான் சொல்வார். சாப்பிட உட்கார்ந்தால் மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். யாரும் யாரையும் கேட்பதில்லை என்பதால் பெரிய சண்டையும் வந்ததில்லை. மகள் மங்கலம் மட்டும் பேசமாட்டாள். பேச இடம் கிடைக்காததால் அவளுக்கு அடக்கமான பெண் என்று ஊரில் நல்ல பெயர்.

மகன் தாணுவுக்கு அப்போது பதினாறு வயது, பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பான ஆறாம் பாரம். ஐம்பத்திரண்டாம் வருஷத்து மழைக்காலத்தில் அவன் காதில் பஞ்சு வைத்துக்கொள்ளத் தொடங்கினான். சளி பிடித்திருக்கும் என்று பொன்னம்மை சுக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்தாள். மழை விட்டும் பஞ்சு போகவில்லை. குளிக்க மறந்தான். எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடமாட்டேன் என்று தட்டை அறைக்குள் எடுத்துப் போனான். பகலெல்லாம் தூங்கினான், இல்லையென்றால் சுவரைப் பார்த்து வாய்க்குள் ஏதோ முனகினான். தெருவில் ரெண்டு பேர் சிரித்துக்கொண்டு போனால், என்னைப் பற்றித்தானே சிரிக்கிறார்கள் என்று மங்கலத்திடம் கேட்டான். ஒருநாள் பள்ளிக்கூடத்துக்குப் போனவன் கிழக்கேகோட்டை வரைக்கும் போய்த் திரும்பி வந்துவிட்டான். அப்புறம் போகவே இல்லை.

குடும்பம் சும்மா இருக்குமா? மூன்று பேரும் மூன்று பக்கத்திலிருந்து பாய்ந்தார்கள். திமிர் என்றார் அப்பா. கதவுக்கு வெளியே நின்று, நான் அந்த வயதில் எத்தனை மூட்டை தேங்காய் சுமந்தேன் என்று கடைக்குக் கேட்கிற குரலில் சொல்வார். சித்தப்பா டிசிப்ளின், பியூச்சர், கேரக்டர் என்று இங்கிலீஷில் தொடங்கித் தமிழுக்கு வந்து மலையாளத்தில் முடிப்பார். பொன்னம்மை இருவருக்கும் நடுவில் புகுந்து, சாப்பிட்டியா மக்கா, குளிச்சியா மக்கா, ஏன் மக்கா, எதுக்கு மக்கா என்று கதவைத் தட்டிக்கொண்டே இருப்பாள். பயந்துபோய்த்தான் கேட்டாள். பதில் வராததால் இன்னும் உரக்கக் கேட்டாள். உள்ளே அவன் பஞ்சை இன்னும் ஆழமாகத் திணித்துக்கொண்டான்.

அந்த நிலைமையில்தான் பள்ளிக்கூடத்திலிருந்து கொச்சுகிருஷ்ணன் சார் வந்தார். நாலு வார்த்தை பேசுவதற்குள் வியர்த்துப்போகிற மனிதர், குரலோ பக்கத்தில் நிற்பவருக்கே எட்டாது. வாசல்படியில் நின்றபடி பொன்னம்மையிடம் சொன்னார்:

"அம்மா, செறுக்கனு இச்சிரி பிராந்து போலெ உண்டு. இப்பழே நோக்கணம், கேட்டோ."

பையனுக்குக் கொஞ்சம் பிராந்து போல இருக்கிறது, இப்போதே பார்க்கவேண்டும் என்றார். பிராந்து என்றால் கிறுக்கு. திருவனந்தபுரத்தில் இருக்கிற தமிழனுக்கு இது தெரியாத சொல் இல்லை, பொன்னம்மையே பக்கத்து வீட்டு ரத்னாபாயின் ஆட்டை நாளுக்கு இரண்டு தடவை அந்தப் பெயரைச் சொல்லித்தான் விரட்டுவாள். ஆனால் அந்த நேரத்தில் பூதலிங்கம் பிள்ளை அவள் தோளுக்குப் பின்னாலிருந்து மாதக் கட்டணம் கட்டியாயிற்று என்று முழங்கிக்கொண்டிருந்தார். பகவதிப்பெருமாள் அதற்கும் பின்னாலிருந்து, சார் உள்ளே வரவேண்டும், காப்பி குடிக்கவேண்டும் என்று தீர்மானம் முன்மொழிந்துகொண்டிருந்தார். கோயிலில் எவனோ வேண்டுதல் பலித்த சந்தோஷத்தில் தேங்காய்களைச் சரமாரியாக உடைத்தான். சார் அந்தச் சொல்லை வெட்கப்பட்டுப் பாதி விழுங்கினார். பொன்னம்மைக்கோ கொஞ்ச நாளாகவே மனதில் ஒரு சந்தேகம் இருந்தது. சிவந்த கண், பகல் தூக்கம், பூட்டிய கதவு, முனகல் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. அதனால் சார் சொன்னது பிராந்து, அவள் காதில் விழுந்தது பிராந்தி.

சார் போனதும் கதவைச் சாத்தினாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஆண்கள் இரண்டு பேரையும் கையைக் காட்டி அடக்கிவிட்டு, ரகசியமாகச் சொன்னாள், பையன் பிராந்தி குடிக்கிறான் என்று.

இரண்டு பேருக்கும் வாயடைத்துப் போயிற்று. பூதலிங்கம் பிள்ளைக்கு அடைத்த காரணம் அவருக்கு மட்டும்தான் தெரியும் என்று அவர் நினைத்திருந்தார். கடையில் மட்டைக் குவியலுக்கு அடியில் ஒரு பாட்டில் இருக்கும். ஜீரணத்துக்காக எப்போதாவது ஒரு மடக்கு. பையன் அதைத்தான் கண்டுபிடித்து எடுத்துக் குடிக்கிறான் என்று அவர் தீர்மானித்துவிட்டார். இனி அவனை அதட்டினால், எங்கே கிடைத்தது என்ற கேள்வி வரும். பகவதிப்பெருமாளின் பாடு இன்னும் மோசம். செயலாளர் வீட்டிலேயே பிராந்தி என்று தெரிந்தால் அடுத்த கூட்டத்தில் எந்த முகத்தோடு மேடை ஏறுவது? பொன்னம்மைக்கோ மங்கலத்தின் கல்யாணக் கவலை. ஒரு சுவர் தாண்டி ரத்னாபாய் இருக்கிறாள். அவள் காதுக்குப் போனது சாயங்காலத்துக்குள் சாலைக் கம்போளத்துக் கடைகளுக்கெல்லாம் போய்விடும்.

ஆக, அன்றிலிருந்து அந்த வீட்டில் எல்லோரும் கிசுகிசுத்தார்கள். ஒருவர் சொல்லி முடித்தபிறகுதான் அடுத்தவர் சொன்னார், ஏனென்றால் மெதுவாகப் பேசும்போது கூடவே இன்னொருவர் பேசினால் கேட்காது. இதை அவர்கள் புதிதாகக் கண்டுபிடித்தார்கள். பையன் முகத்துக்கு நேரே யாரும் எதுவும் கேட்கக் கூடாது என்று பொன்னம்மை உத்தரவு போட்டாள். அவளுடைய மாமா ஒருவர் பெரிய குடிகாரர். கண்டித்த அன்றைக்கு ஆட்டுக்கல்லின் குழவியைத் தூக்கிக் கிணற்றில் போட்டுவிட்டார். குடிகாரனுக்கு மோர் கொடுக்கவேண்டும், எலுமிச்சம்பழம் கொடுக்கவேண்டும், தூங்கினால் எழுப்பக் கூடாது. இந்த வைத்தியம் அவள் குடும்பத்தில் பரம்பரையாக வந்தது, நோயும் அப்படித்தான் வந்தது.

தாணுவுக்கு மோர் வந்தது. கதவை யாரும் தட்டவில்லை. அப்பா அவன் அறையைக் கடக்கும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனார். சித்தப்பா அவனைப் பார்த்தால் கும்பிடாத குறையாகச் சிரித்தார். ஓணம் கழிந்த சமயம் பையன் ஒருநாள் தானாகவே குளித்தான். இன்னொரு நாள் தட்டை எடுத்துக்கொண்டு வந்து அடுக்களை வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டான். ஒரு காதில் பஞ்சைக் காணோம். பொன்னம்மை அடுப்பைப் பார்த்து நின்றுகொண்டு, சத்தம் வராமல் அழுதாள். சத்தம் வராமல் அழுவது அவளுக்குப் பழக்கமில்லாததால் மூச்சு முட்டியது.

உண்மை தெரிந்தது கோயிலில். கொச்சுகிருஷ்ணன் சார் கும்பிட்டுவிட்டுத் திரும்பியவர் அவளைப் பார்த்து, பையனுடைய பிராந்து குறைந்ததா, எந்த டாக்டரைப் பார்த்தீர்கள் என்று விசாரித்தார். இந்தத் தடவை யாரும் குறுக்கே பேசவில்லை. சொல் முழுசாகக் காதில் விழுந்தது. குடியென்றால் விட்டுவிடலாம். இது எங்கே கொண்டுபோய் விடும்? ஊளம்பாறை என்று ஒரு பெயர் அந்த ஊரில் உண்டு. அங்கேதான் பைத்தியக்கார ஆஸ்பத்திரி. பிள்ளைகள் ஒருவரையொருவர் கேலி செய்யவும் தாய்மார்கள் பயப்படவும் அந்த ஒரு பெயர் போதும்.

சாருடைய மச்சினர் ஒரு டாக்டர். கோயிலுக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு மகனை அவரிடம் கூட்டிப்போனாள். அவர் தாணுவிடம் தனியாக நெடுநேரம் பேசினார். பிறகு, இது இன்னும் முற்றவில்லை, முற்றலாம், முற்றாமலே போகலாம் என்றார். யாரும் செய்வினை வைத்து வந்ததில்லை, உங்கள் வளர்ப்பும் காரணமில்லை, ஆனால் வீட்டில் கூச்சல் இருந்தால் அவனுக்குத் தாங்காது. தூக்கம் வேண்டும், வேளைக்குச் சாப்பாடு வேண்டும், தன் மனுஷர்கள் பக்கத்தில் இருக்கவேண்டும். மாதம் ஒருமுறை கூட்டிவாருங்கள். இப்போது வீட்டில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். மோர் கொடுக்கிறோம், மெதுவாகப் பேசுகிறோம் என்றாள். யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று ஆச்சரியப்பட்டார்.

வீட்டுக்கு வந்து மங்கலத்திடம் மட்டும் சொன்னாள். மங்கலம் முறுக்குப் பிழிந்துகொண்டே, "எனக்கு அண்ணைக்கே தெரியும், எம்மா. சார் சொன்னது எனக்கு நல்லாக் கேட்டுது" என்றாள்.

"பின்ன ஏன் மக்களே சொல்லல்ல?"

"சொல்லியிருந்தா நீங்க மூணு பேரும் வாயை மூடியிருப்பியளா?"

பொன்னம்மை யோசித்துப் பார்த்தாள். பிராந்து என்று தெரிந்திருந்தால் பூதலிங்கம் பிள்ளை மந்திரவாதியைக் கொண்டுவந்திருப்பார். மந்திரவாதி உடுக்கையைக் கொண்டுவந்திருப்பான். பகவதிப்பெருமாள் சட்டப்படி என்ன செய்யலாம் என்று ஊரெல்லாம் கலந்து பேசியிருப்பார். அவளே கூடத்தில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டிருப்பாள். பிள்ளை பிராந்திக்காரனாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தாள். எதையும் வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாதவள் இந்த ஒன்றை வைத்துக்கொண்டாள்.

தை பிறந்ததும் மங்கலத்துக்குத் திருநெல்வேலியிலிருந்து ஒரு இடம் கூடிவந்தது. மாப்பிள்ளையின் அப்பா குற்றாலலிங்கம் பிள்ளை, ரைஸ் மில் வைத்திருப்பவர். பெண் பார்க்க வருகிறோம் என்று ஆள் அனுப்பினார்கள். உடனே பகவதிப்பெருமாள் ஒரு யோசனை சொன்னார். பொன்முடியில் தேயிலைத் தோட்டத்தில் அவருக்குத் தெரிந்த ஒரு கணக்கர் இருக்கிறார். கல்யாணம் முடிகிறவரை தாணு அங்கே இருக்கட்டும். மலையில் பிராந்தி கிடைக்காது, குளிரில் பழக்கமும் விட்டுப்போகும், இங்கே வருகிறவர்கள் கண்ணிலும் படமாட்டான். பூதலிங்கம் பிள்ளைக்கும் இது பிடித்திருந்தது, பாட்டிலும் தப்பிக்கும்.

தோட்டக் கூலிகளின் லயத்து வரிசை வீட்டில், மூடுபனியில், தெரியாத மனுஷர்களுக்கு நடுவே அந்தப் பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பொன்னம்மை நினைத்துப் பார்த்தாள்.

"எம் பிள்ளை எங்கேயும் போகமாட்டான்" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

பழைய குரலில் கத்தியிருந்தால் எதிர்த்துக் கத்தியிருப்பார்கள். அவள் இப்படிச் சொன்னதில் ஆண்கள் இரண்டு பேரும் பயந்துபோய், சரி என்றுவிட்டார்கள்.

வந்தார்கள். குற்றாலலிங்கம் பிள்ளை பருத்த உடம்பு, அவர் மனைவிக்குக் கண்கள் நாலாபக்கமும் சுழலும். சொஜ்ஜி, பஜ்ஜி, காப்பி எல்லாம் முறைப்படி நடந்தது. அந்த அம்மாள் மங்கலத்தைப் பார்த்து, பொண்ணு நல்ல அடக்கம் என்றார். அப்போது அறைக் கதவு திறந்தது. தாணு வெளியே வந்து நின்றான். சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தான், காதில் பஞ்சு. நேராகக் குற்றாலலிங்கம் பிள்ளையைப் பார்த்து, நீங்கள் என்னைப் பற்றியா பேசிக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டான்.

கோயிலில் அந்த நேரம் பார்த்து ஒருத்தனும் தேங்காய் உடைக்கவில்லை. பகவதிப்பெருமாள் வாயைத் திறந்து, மூடி, விசிறியை எடுத்துக்கொண்டார். மங்கலம் எழுந்து தம்பியின் கையைப் பிடித்தாள். பையனுக்கு என்ன என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார். கேள்வி பொன்னம்மையை நோக்கித்தான் வந்தது.

சொல்லவேண்டிய சொல் அவள் நாக்கில் இருந்தது. அதைச் சொன்னால் இந்தச் சம்பந்தம் போகும். போனால் போகட்டும், ஆனால் நாளைக்கே பொன்முடி, அதற்கு அடுத்து ஊளம்பாறை என்று இந்த வீடே திரண்டு நிற்கும். பொய்யா என்றால் பொய்தான். பெற்ற பிள்ளையின் தலையில் போடுகிற பொய். அவள் போட்டாள்.

"கொஞ்சம் பிராந்திப் பழக்கம் உண்டு. இப்போ ரொம்பக் கொறச்சுட்டான்" என்றாள்.

மாப்பிள்ளையின் அம்மா முகத்தைச் சுளித்தார். பகவதிப்பெருமாள் கண்ணை இறுக மூடிக்கொண்டார். குற்றாலலிங்கம் பிள்ளை மட்டும் கொஞ்சம் பொறுத்து, கை கழுவவேண்டும் என்று எழுந்தார். பூதலிங்கம் பிள்ளை செம்பை எடுத்துக்கொண்டு புறக்கடைக்குக் கூடப்போனார். மதராஸ் ராஜ்யத்தில் மதுவிலக்கு வந்து வருஷங்கள் ஆகியிருந்தன என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். திருநெல்வேலியில் ஒரு கௌரவமான மில் முதலாளி அத்தனை வருஷமாக என்ன பாடுபட்டிருப்பார் என்பதையும். கை கழுவ வெகுநேரம் ஆயிற்று. அதற்கு நடுவில் பூதலிங்கம் பிள்ளை ஒரு தடவை கடைவரைக்கும் ஓடிப்போய் வந்தார். திரும்பி வந்த குற்றாலலிங்கம் பிள்ளை, திருவனந்தபுரத்தில் சம்பந்தம் வைத்துக்கொள்வதில் தனக்குப் பரம திருப்தி, இனி அடிக்கடி வந்து போகவேண்டியிருக்கும், வெற்றிலைத் தட்டைக் கொண்டுவரலாம் என்றார். அவர் மனைவி ஏதோ சொல்ல வந்தார். வாலிபப் பிள்ளைகள் அப்படி இப்படித்தான் இருக்கும் என்று அவரை அடக்கிவிட்டார்.

அன்றைக்கு எல்லோருக்கும் சந்தோஷம், பொன்னம்மையைத் தவிர. கூடத்தில் நின்று அவள் அதைச் சொன்னபோது தாணு அங்கேதான் இருந்தான். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அதற்கப்புறம் அறைக்குள் போனவன் மோரைக்கூடத் தொடவில்லை. ஒழுங்காகிக்கொண்டு வந்த பிள்ளையைத் தானே நெட்டித் தள்ளிவிட்டோம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். கதவைத் தட்டப் போன கையைத் தானே பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம், ஆண்கள் வெளியே போயிருந்தார்கள். மங்கலம் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். பொன்னம்மை அடுக்களையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தாணு வந்து அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான்.

"எம்மா, நான் எப்போ பிராந்தி குடிச்சேன்?"

"நீ குடிக்கல்ல மக்கா."

"பின்ன ஏன் அப்படிச் சொன்ன?"

ஆயிரம் சமாதானம் அவளுக்கு வாய்க்கு வந்தது. எல்லாவற்றையும் விழுங்கினாள்.

"ஒனக்குச் சொகமில்ல. அதுக்கு உள்ள பேரைச் சொன்னா ஒன்னைக் கொண்டுபோயிருவாவ. பிராந்தின்னா சிரிச்சிட்டுப் போயிருவாவ. அதாக்கும் சொன்னேன். தப்புதான்."

அவன் கீரைக் காம்பு ஒன்றை எடுத்து ஒடித்தான். அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்குத்தான் தெரியும். பிறகு அவனாகவே சொன்னான்.

"ஆளுக இல்லாதப்பயும் எனக்குச் சத்தம் கேக்குது. எம் பேரைச் சொல்லிப் பேசுதாவ. இப்பயும் பேசுதாவ. ஒனக்குக் கேக்குதா?"

பொன்னம்மை கையிலிருந்த கீரையைக் கீழே வைத்துவிட்டு, நிஜமாகவே காது கொடுத்துக் கேட்டாள். துணி துவைக்கிற சத்தம், கோயிலில் தேங்காய், எங்கோ ஒரு காக்கை.

"எனக்குக் கேக்கல்ல மக்கா. ஒனக்குக் கேக்குதுன்னா ஒனக்குக் கேக்குது. பயமா இருக்கா?"

"ம்."

"நான் என்ன செய்யணும்?"

"வீட்ல எல்லாரும் ஒண்ணாப் பேசும்போ, எது நம்ம ஆளு, எது அதுன்னு எனக்குத் தெரியாது. இப்போ ஒருத்தரும் பேசுகதே இல்ல. அப்போ அது மட்டும் கேக்குது." அவன் தலையைக் குனிந்துகொண்டான். "நீ பேசேன் எம்மா. நீ மட்டும். மெதுவா."

பேசு என்று அவளிடம் யாரும் இதுவரை சொன்னதில்லை. வாயைத் திறந்தாள். ஒரு வார்த்தைகூட வரவில்லை. இருபது வருஷமாகக் கொட்டித் தீர்த்ததில் மிச்சம் ஒரு சொட்டு இல்லாமல் போய்விட்டதோ என்று பயந்துபோனாள். பையன் காத்திருந்தான். காதிலிருந்த பஞ்சை எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தான்.

"ரத்னாபாய்க்க ஆடு இருக்கில்லா," என்று ஒருவழியாகத் தொடங்கினாள், "அது இண்ணைக்குக் காலைல ஒங்க சித்தப்பாக்க மதுவிலக்கு நோட்டீஸ் அம்புட்டையும் தின்னுட்டுது."

தாணு நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"பெறவு?" என்றான்.